திராட்சைத் தோட்டத்து வீடு: எதற்குப் பணம் கொடுக்கிறோம்?

பிரான்சின் ஒயின் நாட்டுப்புறத்தில் ஒரு வாரம் தங்கப் புறப்படுகிறவர்கள் ஊரைத் தேர்ந்தெடுப்பதில் அவ்வளவாகத் தடுமாறுவதில்லை. போர்தோவோ, பர்கண்டியோ, புரோவென்ஸோ, ஏதோ ஒன்று மனத்தில் முன்பே விழுந்திருக்கும். வீடு தேடும்போதுதான் கை நின்றுவிடுகிறது. கண்ணாடிச் சுவருக்கு அப்பால் கொடி வரிசைகள் தெரியும் புத்தம்புதிய வில்லா ஒரு பக்கம். சுண்ணாம்புச் சுவரும் பூவேலைச் சிமெண்டுத் தரையும் கொண்ட நூறாண்டு பழைய கிராமத்து வீடு ஒரு பக்கம். பாறையைக் குடைந்த வீடு, கலைக்கூடம் போன்ற ஓட்டல், ஒயின் செய்பவரே அறை கொடுக்கும் பண்ணை என்று பட்டியல் நீள்கிறது. படத்தில் எல்லாமே அழகு. விலையோ ஒன்றுக்கொன்று பல மடங்கு வேறுபடுகிறது. எதை எடுப்பது என்று கேட்கிறவர்களுக்காக இந்த ஒப்பீடு.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வடிவமைப்புக்கென்று கூடுதலாகக் கொடுக்கும் பணம், விழித்திருக்கும் நேரத்தில் பாதியையாவது அந்த வீட்டில் கழிப்பவருக்குத்தான் பயன்படும். காலை பத்து மணிக்குக் காரை எடுத்துக்கொண்டு நான்கு ஒயின் பண்ணைகளைச் சுற்றிவிட்டு இரவு உண்டு திரும்புகிறவருக்கு, விளக்கை அணைத்த பிறகு அது யார் வடிவமைத்த சுவராக இருந்தால் என்ன?

## எதை வைத்து அளப்பது?

வீட்டில் இருக்கும் நேரம். மேலே சொன்னதுதான். பயணத் திட்டத்தை எழுதி, பிற்பகல் மூன்று மணிக்கு எங்கே இருப்பீர்கள் என்று நாள்தோறும் குறித்துப் பாருங்கள். பாதி நாட்களுக்கு மேல் ‘வீட்டில்’ என்று வந்தால் அழகான வீட்டுக்குச் செலவழிக்கலாம்.

வெயில். பிரான்சில் இதுவரை பதிவான உச்ச வெப்பம் 46.0 டிகிரி. 2019 ஜூன் 28 அன்று தெற்கிலுள்ள எரோ மாவட்டத்தின் வெரார்க் என்ற ஊரில் பதிவானது. அது திராட்சை விளையும் சிற்றூர்தான். தெற்கில் ஜூலையிலும் ஆகஸ்டிலும் தங்குவதானால், வீடு வெயிலை எப்படித் தடுக்கிறது என்பதுதான் அதன் வடிவமைப்பின் முதல் தேர்வு. குளிர்சாதனம் இருக்கும் என்று நீங்களாக எண்ணிக்கொள்ளாதீர்கள்.

அடுப்பு. சைவம் உண்பவர்களுக்கு இது வசதிப் பிரச்சினை அல்ல, அடிப்படைப் பிரச்சினை. கிராமத்து உணவகங்களில் சாலட் என்று கேட்டாலும் பன்றி இறைச்சித் துண்டுகள் தூவி வரக்கூடும். ஞாயிறு மாலையும் திங்களும் பல ஊர்களில் எந்த உணவகமும் திறந்திருக்காது.

கார். ரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம் ஆல்கஹால்தான் வரம்பு. புதிதாக உரிமம் பெற்றவர்களுக்கு 0.2. ஒயின் சுவைக்கப் போகும் குழுவில் காரை ஓட்டுகிறவர், சுவைத்ததை விழுங்காமல் துப்பும் கலயத்தைத்தான் நம்பியிருக்க வேண்டும். இந்தியாவிலும் இலங்கையிலும் ஓட்டிப் பழகியவருக்கு வலப்பக்கச் சாலை வேறு. தானியங்கி கியர் கார் வேண்டுமென்றால் வாடகை கூடும். இதையும் வீட்டின் விலையோடு சேர்த்தே பார்க்க வேண்டும்.

மொத்தச் செலவையும், கூட வருகிறவர்களின் வயதையும் ஒவ்வொன்றின் கீழும் சொல்கிறேன்.

## கட்டடக் கலைஞர் பெயர் தாங்கிய பண்ணை ஓட்டல்

இதற்கு முதன்மையான எடுத்துக்காட்டு எக்ஸ்-ஆன்-புரோவென்ஸுக்கு வடக்கே உள்ள ஷத்தோ லா கோஸ்ட். சுமார் 200 ஹெக்டேர் பண்ணை. கலைக்கூடம் ஜப்பானியக் கட்டடக் கலைஞர் தடாவோ ஆண்டோ வடிவமைத்தது. ஒயின் தயாரிக்கும் கூடம் ழான் நூவெலுடையது. இசை மேடை ஃபிராங்க் கெரியுடையது. கொடிகளுக்கு நடுவே நிலத்தைப் பிளந்து இறக்கியதுபோல் நிற்கும் புகைப்பட அரங்கு ரென்சோ பியானோவுடையது. தண்ணீர்மேல் லூயிஸ் பூர்ஷ்வாவின் சிலந்திச் சிற்பம் நிற்கிறது. 2012இல் மறைந்த பிரேசில் கட்டடக் கலைஞர் ஒஸ்கர் நீமேயரின் வரைபடத்திலிருந்து எழுந்த கட்டடமும் இங்கே உண்டு. பண்ணைக்குள்ளேயே 28 தங்கும் அறைத் தொகுதிகள் கொண்ட வில்லா லா கோஸ்ட் ஓட்டல் இருக்கிறது.

இதன் பலம் வெளிப்படை. பராமரிப்பில் குறை இராது, சாவியைத் தேடி அலைய வேண்டாம், காரை எடுக்காமலே இரண்டு நாள் ஓடிவிடும். போர்தோ பக்கம் விரும்புகிறவர்களுக்கு, ஸ்மித் ஓ லஃபித் பண்ணையை ஒட்டி 1999இல் திறந்த லே சூர்ஸ் த கோதலி இருக்கிறது. அங்கே பெரிய பெயர்களின் கண்காட்சி இல்லை. அந்த வட்டாரத்தின் பழைய மரக்கட்டட வடிவங்களை எடுத்து விரித்திருக்கிறார்கள். ஆர்க்காஷோன் வளைகுடாவில் தூண்கள்மேல் நிற்கும் குடிசையைப் போன்ற அறைகள்கூட உண்டு. இரண்டில் ஒன்றைச் சொல் என்றால், தங்குவதற்குப் போர்தோவையும் பார்ப்பதற்குப் புரோவென்ஸையும் சொல்வேன்.

மறைந்திருக்கும் விஷயம் இதுதான்: லா கோஸ்டின் கலை நடைபாதையைப் பார்க்க அங்கே தங்க வேண்டியதில்லை. சீட்டு வாங்கிக்கொண்டு யாரும் போய்வரலாம். ஆண்டோவையும் பியானோவையும் காண்பதற்காகத்தான் அறை எடுக்கிறீர்கள் என்றால், ஒரு பிற்பகல் நுழைவுச்சீட்டு அந்த வேலையை முடித்துவிடும். அறைக்குக் கொடுக்கும் பணம், கூட்டம் கலைந்த பிறகு கிடைக்கும் மாலை நேரத்துக்கானது. அது சிலருக்குத் தகும். திருமண நாளுக்கு இரண்டு இரவு என்று வருகிற தம்பதிக்கு நிச்சயம் தகும். ஒரு வாரத்துக்கு, அதுவும் பிள்ளைகளோடு, தகாது. சமையலறை இல்லாததால் மூன்று வேளையும் உணவகக் கணக்கு ஏறிக்கொண்டே போகும்.

## புதுப்பித்த ஒயின்காரர் வீடு

தெற்கு பிரான்சின் லாங்டாக் பகுதியில், பெசியேவுக்கும் பெஸெனாஸுக்கும் இடையிலுள்ள கிராமங்களில் நடந்தால், ஒரு மனிதனுக்கு ஏன் இத்தனை பெரிய வாசல் என்று கேட்கத் தோன்றும். வாசல் மனிதனுக்கு அல்ல, வண்டிக்கும் பீப்பாய்க்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் ரயில் பாதை வந்து, தெற்கத்திய ஒயின் பாரிஸ் தொழிலாளியின் கோப்பைக்குப் போகத் தொடங்கியதும் இங்கே பணம் கொட்டியது. பிறகு ஃபிலோக்சரா என்ற வேர்ப்பூச்சி கொடிகளை அழித்தது. அமெரிக்க வேர்த்தண்டில் ஒட்டுப்போட்டு மறுபடி நட்டார்கள், மறுபடி பணம் வந்தது. விலை சரிந்து 1907இல் ஒயின் விவசாயிகளின் பெருங்கிளர்ச்சி வெடித்தது. இடையில் வந்த செல்வமெல்லாம் வீடுகளாக நிற்கிறது. தரைத்தளத்தில் ஒயின் தொட்டியும் குதிரையும், முதல் மாடியில் குடும்பம், உச்சியில் வைக்கோல் பரண் என்பது அந்த வீடுகளின் அமைப்பு.

இப்போது அவற்றை வாங்கிப் புதுப்பிப்பவர்கள் ஒயின் கிடங்கைக் கூடமாக்கி, பரணைப் படுக்கையறையாக்குகிறார்கள். நன்றாகச் செய்தவர் யார் என்று கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. சிமெண்டுக்குப் பதில் சுண்ணாம்பு பூசியிருந்தால், மர ஜன்னல் கதவுகளை வேலை செய்யும் நிலையில் விட்டிருந்தால், அவருக்கு வீடு புரிந்திருக்கிறது. தடித்த கல்சுவர் பகல் முழுவதும் வெப்பத்தை வாங்கி வைத்துக்கொள்ளும். ஆகவே காலை ஒன்பது மணிக்கே ஜன்னல் கதவுகளை அடைத்து, இரவில் திறந்துவிட வேண்டும். பகலெல்லாம் திறந்துபோட்டுவிட்டு, “வீடு சூடாக இருக்கிறது” என்று குறிப்பேட்டில் எழுதிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. வீட்டைக் குறை சொல்லிப் பயனில்லை.

ஆனால் பரண் படுக்கையறையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஓட்டுக்கு நேர் கீழே இருக்கும் அந்த அறைதான் விளம்பரத்தின் முதல் படமாக வரும். ஆகஸ்டில் தூங்க முடியாத அறையும் அதுவாகத்தான் இருக்கும். குளிர்சாதனம் ஏன் இல்லை என்றால், காரணம் பெரும்பாலும் கஞ்சத்தனம் அல்ல. பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னத்தைச் சுற்றி 500 மீட்டருக்குள் இருக்கும் வீட்டின் வெளித்தோற்றத்தை மாற்றப் பொதுவாக அரசுக் கட்டடக் கலைஞரின் ஒப்புதல் வேண்டும். கிராமத்து மாதாகோயிலே அப்படியொரு சின்னமாக இருந்தால், சுவருக்கு வெளியே பெட்டி மாட்டுவது எளிதல்ல.

மாதாகோயில் என்றதும் மணி நினைவுக்கு வருகிறது. தெற்கில் பல ஊர்களில் ஒவ்வொரு மணி நேரமும் அடித்துவிட்டு, இரண்டு நிமிடம் கழித்து மறுபடியும் அடிப்பார்கள், முதல் தடவை எண்ணத் தவறியவர்களுக்காக. புகார் கொடுத்துப் பயனில்லை: நாட்டுப்புறத்தின் ஒலிகளையும் மணங்களையும் மரபுச் செல்வமாக ஏற்று 2021 ஜனவரியில் பிரெஞ்சு நாடாளுமன்றம் சட்டமே இயற்றியிருக்கிறது.

குறை என்று சொன்னால் படிக்கட்டும் இருட்டும். மூட்டுவலி உள்ள பெரியவர்கள் வந்தால், சமையலறை எந்த மாடியில், கழிவறை எந்த மாடியில் என்று கேட்காமல் பணம் கட்டாதீர்கள். மற்றபடி, முழுச் சமையலறை, நடை தூரத்தில் ரொட்டிக் கடை, வாரம் ஒரு நாள் காலைச் சந்தை. சந்தையில் கத்தரிக்காயும் தக்காளியும் கிடைக்கும். புளியையும் பருப்பையும் பாரிஸ் வழியாக வருகிறவர்கள் லா ஷப்பல் தமிழ்க் கடைகளில் முன்கூட்டியே வாங்கிக்கொண்டால் ஒரு வாரத்துக்குக் கவலையில்லை.

## கொடிகளுக்கு நடுவே புதிய வில்லா

படத்தில் எல்லாவற்றையும் தோற்கடிப்பது இதுதான். தங்கிப் பார்த்தால் அதிகக் கேள்விகள் எழுவதும் இதில்தான்.

மேற்குப் பார்த்த கண்ணாடிச் சுவருக்கு வெளியே நீண்ட கூரையோ மடக்குத் தட்டிகளோ இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் அது மாலை ஆறு மணிக்குப் படம் எடுப்பதற்காகக் கட்டிய வீடு. அதே மாலை ஆறு மணிக்கு உள்ளே உட்கார முடியாது. படுக்கையறைக்குள் திறந்த குளியல் தொட்டி, கதவில்லாத குளியலறை, கைப்பிடியில்லாத படிக்கட்டு ஆகியவை இத்தகைய வீடுகளின் வழக்கமான விருப்பங்கள். தம்பதிக்கு அது குறையல்ல. மாமியாரும் நாத்தனாரும் வருகிற வாரத்துக்கு அது வேறு கதை.

நீச்சல் குளம் பெரும்பாலும் இந்த வீட்டின் விலையை நியாயப்படுத்தும் பொருள். 2003ஆம் ஆண்டுச் சட்டப்படி, தரையில் பதித்த தனியார் குளத்துக்கு வேலி, மூடி, கூடாரம், எச்சரிக்கை மணி ஆகிய நான்கில் ஒன்று கட்டாயம். ஒன்று போதும் என்பதைக் கவனியுங்கள். வேலி காட்சியைக் கெடுக்கும் என்று மணியோடு நிறுத்திக்கொண்டிருக்கலாம்; அதுவும் சட்டப்படி சரி. நான்கு வயதுக் குழந்தையோடு போகிறவர் நான்கில் எது இருக்கிறது என்று கேட்டே ஆக வேண்டும். குளத்தைச் சூடாக்கத் தனிக் கட்டணம் கேட்பதுண்டு. வறட்சி ஆண்டுகளில் குளத்தை நிரப்பவே தடை வரலாம். 2023இல் ஸ்பெயின் எல்லையை ஒட்டிய பிரனே-ஓரியாந்தால் மாவட்டத்தில் அப்படித்தான் நடந்தது.

இன்னொன்றை விளம்பரம் சொல்லாது: கொடி வரிசைகள் பூங்கா அல்ல, பணியிடம். வசந்தம் முதல் கோடை வரை மருந்து தெளிப்பார்கள், பெரும்பாலும் விடியற்காலையில். குடியிருப்புக்கும் தெளிக்கும் இடத்துக்கும் நடுவே இடைவெளி விட வேண்டும் என்று 2020 முதல் விதி உண்டு. திராட்சைக்கு அது பொதுவாக 10 மீட்டர். பத்து மீட்டர் என்பது குளக்கரை நாற்காலியிலிருந்து கொடி வரை உள்ள தூரம்தான். அறுவடைக் காலத்தில் தெற்கே குளிர்ச்சிக்காக நள்ளிரவில் இயந்திரம் ஓட்டுவார்கள், முகப்பு விளக்குகள் எரிய. எனக்கு அது வேடிக்கை பார்க்கத் தகுந்த காட்சி. தூக்கம் முக்கியம் என்கிறவருக்கு எரிச்சல்.

இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து எடுத்து, சமைத்து, நீந்தி, அரட்டையடித்து, அதிகம் வெளியே போகாமல் இருக்கப் போகிறார்கள் என்றால் இதுவே சரி. தலைக்கு வகுத்துப் பார்த்தால் விலையும் இறங்கிவிடும்.

## ஒயின் செய்பவர் வீட்டில் அறை

ஷாம்பர் தோத் என்று பலகை மாட்டிய வீடுகள். சட்டப்படி உரிமையாளர் அங்கேயே குடியிருக்க வேண்டும். அதிகபட்சம் ஐந்து அறைகள், பதினைந்து விருந்தினர். காலை உணவும் படுக்கை விரிப்பும் விலைக்குள் அடக்கம். ஆகவே விளம்பர விலைக்கும் கடைசிப் பில்லுக்கும் இடைவெளி குறைவு. இரவுச் சாப்பாடும் தருகிற வீட்டில் எல்லாருக்கும் ஒரே மேசை, ஒரே சமையல்தான். சைவம் என்றால் முட்டை உண்டா, மீன் உண்டா என்று அவர்கள் கேட்பதற்குள் நீங்களே முன்பதிவின்போது எழுதிவிடுவது நல்லது.

வடிவமைப்பு என்று பார்த்தால் இது சீட்டாட்டம். பாட்டியின் அலமாரியும் பூப்போட்ட திரையுமாக இருக்கலாம். பர்கண்டியிலும், பொன்னிறக் கல்லுக்குப் பேர்பெற்ற தென் பொஜொலே கிராமங்களிலும், தேர்ந்த கையால் புதுப்பித்த அறைகளும் கிடைக்கும். ஆனால் இங்கே வாங்குவது சுவர் அல்ல. மாலையில் பாதாள அறைக்கு இட்டுச்சென்று இந்த மண்ணுக்கும் அந்த மண்ணுக்கும் என்ன வேறுபாடு என்று பேசும் மனிதரை. பர்கண்டிக்கு அது தேவை. அங்கே தோட்டங்கள் சின்னச்சின்னத் துண்டுகள். 2015இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியதும் அந்தத் துண்டுகள்தான். சொல்லித்தர ஆள் இல்லாமல் பார்த்தால் எல்லாமே ஒரே பச்சை.

அறுவடை நாட்களில் அந்த மனிதர் உங்களுக்குக் கிடைக்க மாட்டார். நவம்பர் மூன்றாம் ஞாயிறு பர்கண்டியின் போன் (Beaune) நகரத்து மருத்துவமனை அறக்கட்டளையின் ஒயின் ஏலம். அந்த வாரம் அறையே கிடைக்காது. இரண்டு மூன்று இரவுக்கு மேல் போனால், ஒவ்வொரு காலையும் அந்நியர்களோடு பேசிச் சிரித்தபடி ரொட்டி தின்பது அலுத்தும்விடும்.

## கணக்கில் பலர் சேர்க்காத குகை வீடு

லுவார் பள்ளத்தாக்கில் அரண்மனைகள் கட்ட வெண்ணிறச் சுண்ணக்கல்லை வெட்டியெடுத்தார்கள். வெட்டிய குழிகளில் ஒயினையும் காளானையும் மனிதர்களையும் குடிவைத்தார்கள். வூவ்ரே, சோமுர் பக்கங்களில் அந்தக் குகைகள் இன்று அழகான விடுமுறை வீடுகள். உள்ளே ஆண்டு முழுவதும் 12, 13 டிகிரி அளவில் நிற்கும் பாறை. ஜூலை வெயிலில் அது சொர்க்கம். ஒரு பக்கம் மட்டும் ஜன்னல், ஈரப்பதம், கைபேசிக்குச் சிக்னல் கிடைக்காமை ஆகியவை எதிர்ப்பக்கம். ஆஸ்துமா உள்ளவர்கள் விலகுவது நல்லது.

கார் ஓட்ட விரும்பாதவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். பாரிஸிலிருந்து தூர் நகரத்துக்கு அதிவேக ரயிலில் சுமார் ஒரு மணி நேரம். அங்கிருந்து ஆற்றங்கரையோடு சைக்கிள் பாதை. மொத்த நீளம் ஏறத்தாழ 900 கிலோமீட்டர்.

## ஒரே பார்வையில்

| | பண்ணை ஓட்டல் | ஒயின்காரர் வீடு | புதிய வில்லா | ஷாம்பர் தோத் | குகை வீடு |
|---|---|---|---|---|---|
| வெயிலில் | கவலையில்லை | கீழ்த்தளம் நன்று, பரண் கொடுமை | நிழல் அமைப்பைப் பொறுத்தது | வீட்டைப் பொறுத்தது | மிகச் சிறப்பு |
| சமையல் | இல்லை | முழுமை | முழுமை | பெரும்பாலும் இல்லை | பெரும்பாலும் உண்டு |
| கார் இல்லாமல் | இரண்டு நாள் சமாளிக்கலாம் | சிரமம் | முடியாது | சிரமம் | ஊரைப் பொறுத்து முடியும் |
| பெரியவர்களுக்கு | ஏற்றது | படிக்கட்டு | ஒரே தளமானால் ஏற்றது | கேட்டுப் பார்க்க வேண்டும் | ஈரம் |
| மறைசெலவு | உணவு | சுத்தம், விரிப்பு | குளம், சுத்தம், முன்வைப்பு | குறைவு | விரிப்பு, குளிர்காலச் சூடேற்றம் |
| தகுந்த காலம் | 1–2 இரவு | ஒரு வாரம் | ஒரு வாரம், கூட்டமாக | 2–3 இரவு | 3–5 இரவு |

## பில் எப்படி வீங்குகிறது?

முழு வீட்டை வாடகைக்கு எடுக்கும்போது விளம்பர விலை என்பது தொடக்கப்புள்ளிதான். ஒரு மாதிரிக் கணக்கு: வாரம் 1,800 யூரோ, நான்கு பெரியவர்கள். சுத்தம் செய்ய 150, விரிப்பும் துண்டும் தலைக்கு 20 வீதம் 80. நட்சத்திரச் சான்று பெறாத வீடுகளுக்குச் சுற்றுலா வரி, ஒருவரின் ஒரு இரவுப் பங்கில் 1 முதல் 5 சதவீதம் வரை ஊருக்கேற்ப. 5 என்று வைத்தால் 90 யூரோ. ஆகக் கூடி 2,120. பதினெட்டு வயதுக்குக் கீழானவர்களுக்கு இந்த வரி இல்லை. இது போக, உடைந்தால் கழித்துக்கொள்ள ஒரு முன்வைப்புத் தொகை. விலை உயர்ந்த நாற்காலிகள் இருக்கும் வீட்டில் அந்தத் தொகையும் உயரும். போன முதல் மணி நேரத்திலேயே கீறல்களைப் படம் எடுத்து உரிமையாளருக்கு அனுப்பிவிடுங்கள்.

உரிமையாளரிடம் நேரடியாக ஒப்பந்தம் போடுகிறவர்கள், முன்பணத்தை அதில் என்ன பெயரில் எழுதியிருக்கிறார்கள் என்று பாருங்கள். ‘ஆர்’ (arrhes) என்று இருந்தால், நீங்கள் ரத்து செய்தால் அந்தப் பணம் போகும். அவர் ரத்து செய்தால் இரட்டிப்பாகத் திருப்பித் தர வேண்டும். ‘அகோம்த்’ (acompte) என்று இருந்தால் இருவருமே விலக முடியாது. நீங்கள் வராவிட்டாலும் முழுத் தொகையைக் கேட்க அவருக்கு உரிமை உண்டு. இணையத்தில் வாங்கிய பொருளை 14 நாளில் திருப்பும் உரிமை, குறிப்பிட்ட தேதிக்கு எடுத்த தங்குமிடத்துக்குப் பொருந்தாது.

ஜூலை, ஆகஸ்டில் பெரும்பாலான வீடுகள் சனி முதல் சனி வரைதான். நான்கு இரவு போதும் என்கிறவரும் ஏழுக்குக் கொடுக்க வேண்டியிருக்கும். அப்படிப்பட்டவர்களுக்கு அந்த மாதங்களில் ஷாம்பர் தோத் தானாகவே முன்னுக்கு வந்துவிடும்.

என் கைப்பணத்தில் ஒன்றைத்தான் எடுக்க வேண்டுமென்றால், செப்டம்பர் முதல் பாதியில் பெஸெனாஸ் பக்கத்து ஒயின்காரர் வீடு. வெயில் தணிந்திருக்கும், அறுவடை நடக்கும், சனிக்கிழமைக் கட்டாயமும் தளர்ந்திருக்கும். மாதக் கடைசிக்குத் தள்ள மாட்டேன். இலையுதிர் காலத்தில், அதற்கு வடக்கே உள்ள செவென் மலைப் பக்கம் திடீர்ப் பெருமழை கொட்டும் பழக்கம் உண்டு. லா கோஸ்ட் அங்கிருந்து ஏறக்குறைய 200 கிலோமீட்டர். ஒரு நாள் காலையில் கிளம்பினால் ஆண்டோவைப் பார்த்துவிட்டு இரவுக்குள் திரும்பிவிடலாம்.